செவ்வந்திக்காக அணைத்த விளக்குகள்

சாணார்பட்டி சாலையில் வருகிறவர்களுக்கு அந்த நாட்களில் எங்கள் வீடு ஓர் அடையாளம். உறவினர்களுக்கு வழி சொல்லும்போது அப்பா பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல மாட்டார். பொழுது சாய்ந்த பிறகு வாருங்கள், திண்டுக்கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் இடது பக்கம் காட்டுக்குள் ஒரு வெளிச்சம் தெரியும், அதுதான் வீடு என்பார். வந்தவர்கள் யாரும் வழி தவறியதில்லை. வர வேண்டாதவர்கள்தான் வந்தார்கள். ஒருமுறை ஒரு குடும்பமே பட்டுப்புடவையும் பரிசுப் பொட்டலமுமாக, கல்யாண மண்டபம் என்று நினைத்து எங்கள் வாசலில் வந்து நின்றது. அம்மா அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, மண்டபம் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்று அனுப்பிவைத்தாள். அப்பா இந்தக் கதையை ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த இடம் முன்பு கடலைக் காடாக இருந்தது. யாரோ வாங்கி, மனைகளாகப் பிரித்து, மஞ்சள் கல் ஊன்றி, முகப்பில் ஒரு வளைவும் கட்டி, ஒரு பெயர் வைத்து அதன் பின்னால் 'நகர்' என்று சேர்த்து விற்றார்கள். மனை வாங்கிய எல்லாரும் விலை ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். வீடு கட்டிக் குடிவந்தது நாங்கள் மட்டும். ஆகவே அந்த நகரத்தின் மக்கள் என்று பார்த்தால் அப்பா, அம்மா, நான். அதிலும் அப்பா பாதி நேரம் ஊரில் இருக்க மாட்டார். அவரிடம் சொந்தமாக ஒரு லோடு வண்டி இருந்தது. மத்தியானம் கிளம்பி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு திருச்சிப் பக்கம் போனால், மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் திரும்புவார். அந்த இரவுகளில் வீட்டில் நானும் அம்மாவும்தான்.

அப்படி ஓர் இரவில் எங்கள் கேட்டை யாரோ உலுக்கியிருக்கிறார்கள். நான் தூங்கிவிட்டதால் இதெல்லாம் பின்னால் கேள்விப்பட்டதுதான். அம்மா போனில் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அப்பா அப்போது மணப்பாறையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். திரும்பி வந்தாலும் உடனே வந்து சேர முடியாது. அதனால் போனை வைக்காமல் பேசிக்கொண்டே வண்டியை ஓட்டியிருக்கிறார். காலையில் கேட்டின் ஓரத்தில் சாணி கிடந்தது. எங்கோ கட்டுத்தறியிலிருந்து அறுத்துக்கொண்டு வந்த எருமை உடம்பைச் சொறிந்துவிட்டுப் போயிருக்கிறது என்று முடிவாயிற்று. அம்மா சரி என்றாள். அடுத்த நாளே அப்பா திண்டுக்கல்லுக்குப் போய் நான்கு போக்கஸ் லைட்டுகள் வாங்கி வந்து மொட்டைமாடியின் நான்கு மூலையிலும் மாட்டினார்.

ஓர் எருமைக்காக இவ்வளவு வெளிச்சமா என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்கு விளக்கென்றால் ஆசை, மாட்டுகிறார், அவ்வளவுதான் என் அறிவு. இருட்டியதும் சுவிட்சைப் போடுவார்கள். விடியும்வரை வீட்டைச் சுற்றிப் பகல்தான். முற்றத்தில் ஊசி விழுந்தாலும் எடுத்துவிடலாம் என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மழை பெய்தால் ஈசல் மூட்டை மூட்டையாக வந்து விழும். எங்கள் வீட்டுப் பல்லிகள் கொழுத்துப்போய்ச் சுவரில் நிற்க முடியாமல் தொப்பென்று விழுந்தன. பக்கத்துத் தோட்டத்துச் சேவல் கண்ட நேரத்தில் கூவியது. பள்ளிக்கூடத்தில், எங்கள் வீடு பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியும் என்று நான் அளந்தேன். அது உண்மையும்கூட. அம்மா அந்த விளக்குகள் வந்த பிறகுதான் இரவில் கண்ணை மூடினாள். இதை இப்போது சொல்கிறேன். அப்போது என் எண்ணத்தில் அம்மா எல்லா நாளும் தூங்குகிறவள்தான், ஏனென்றால் அவளுக்கு முன்பே நான் தூங்கிவிடுவேன்.

மாமா வந்து சேர்ந்தது அந்த வருடம் ஆடியில். அம்மாவின் ஒரே தம்பி. வடமதுரைக்குப் பக்கத்தில் ஊர். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் இருந்தார். திண்டுக்கல்லில் ஏதோ பயிற்சி வகுப்பில் சேர்ந்திருப்பதால் எங்கள் வீட்டில் தங்கட்டும், அக்காவுக்கும் துணையாக இருக்கும் என்று பெரியவர்கள் பேசி அனுப்பிவைத்தார்கள். துணைக்கு வந்தவர் சாப்பிட மட்டும் கீழே இறங்குவார். மற்ற நேரம் மொட்டைமாடிதான். மாமாவுக்கு நட்சத்திரப் பைத்தியம். வேலை இல்லாதவனுக்குத்தான் அண்ணாந்து பார்க்க நேரம் இருக்கும் என்பது அப்பாவின் கருத்து. அதை மாமா இல்லாதபோதுதான் சொல்வார். மச்சினனிடம் நேராகச் சொல்லுகிற அளவுக்கு அவருக்குத் துணிச்சல் கிடையாது.

மாமாவிடம் பழைய பைனாகுலர் ஒன்று இருந்தது. போனில் ஒரு செயலியும் வைத்திருந்தார். போனை வானத்துக்கு நேராகப் பிடித்தால், அந்த இடத்தில் என்னென்ன இருக்கின்றன என்று அது பெயர் போட்டுக் காட்டும். மாமா தேடியது ஒன்றே ஒன்றைத்தான். ஆண்ட்ரோமீடா. அது தனி நட்சத்திரம் இல்லையாம், நட்சத்திரங்களின் பெருங்கூட்டமாம், சாதாரணக் கண்ணுக்கு எட்டுகிறவற்றில் அதுதான் ரொம்பத் தூரமாம். போன் அதை வட்டமும் சுழியுமாக அழகாகக் காட்டியது. போனை இறக்கிவிட்டுப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் வானம் முழுவதுமே வெளுத்துப்போய், அங்கங்கே நான்கைந்து புள்ளிகள் மட்டும் இருந்தன. போன் பொய் சொல்கிறது என்று நான் முடிவுகட்டினேன். மாமா அப்படி நினைக்கவில்லை.

"பல லட்சம் வருசம் நடந்து வந்த வெளிச்சம் பாப்பா அது," என்றார் ஒருநாள். "கடைசியில உங்கப்பா மாட்டுன லைட்டுல வந்து செத்துப் போகுது."

செத்த நேரம் விளக்கை அணைத்துக்கொள்ளட்டுமா என்று அவர் அப்பாவிடம் கேட்டும் பார்த்தார். அப்பா கோபப்படவில்லை. மாப்பிள்ளைக்கு நட்சத்திரம் வேண்டுமென்றால் சிறுமலை மேலே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், வண்டியில் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அப்பா இல்லாத ஒரு நாள் மாமா ஒரு விளக்கின் மேல் சணல் சாக்கைப் போட்டு மூடினார். கொஞ்ச நேரத்தில் சாக்கு கருகி நாற்றமெடுத்தது. அம்மா மேலே ஓடி வந்து தண்ணீரை ஊற்றப் போக, மாமா அவளைத் தடுக்க, ஷாக் அடிக்காமல் எல்லாரும் பிழைத்தோம். அக்காவும் தம்பியும் அதற்குப் பிறகு இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் சுற்றுச்சுவருக்கு வடக்கே ஒரு செவ்வந்தித் தோட்டம் இருந்தது. அதன் சொந்தக்காரரை அம்மா அண்ணே என்று கூப்பிடுவாள். அந்த முறைப்படி அவரும் எனக்கு மாமாதான். குழப்பம் வேண்டாம் என்று இங்கே தோட்டக்காரர் என்றே சொல்கிறேன். அவர் மனைவி எனக்கு அத்தை. அதற்கு முன் இரண்டு வருடமாக அவர்கள் கிணற்றில் தண்ணீர் இல்லை. தோட்டத்தைச் சும்மா போட்டுவிட்டு இரண்டு பேரும் அடுத்தவர் காட்டில் களையெடுக்கப் போனார்கள். அந்த வருடம் மழை பெய்து கிணறு ஊறியதும், கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு ஆடியில் செவ்வந்தி நாற்று நட்டார்கள். இந்தத் தடவையும் போய்விட்டால் தோட்டத்தையும் மனை போட விற்றுவிட்டுத் திருப்பூர் போக வேண்டியதுதான் என்று அத்தை அம்மாவிடம் சொல்வது எனக்குக் கேட்கும். மனையாகிவிட்டால் விளையாடப் பிள்ளைகள் வருவார்களே என்று நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன்.

ஐப்பசி பிறந்தது. கிணற்றுப் பக்கம் இருந்த செடிகள் மொட்டு வைத்துவிட்டன. எங்கள் சுவர்ப் பக்கம் இருந்தவை இடுப்புயரத்துக்கு, கரும்பச்சையாக, பார்க்கிறவர் கண் படும்படி வளர்ந்து நின்றன. ஆனால் மொட்டு என்பதே இல்லை. தோட்டத்தில் பாதிக்கு மேல் இந்தப் பக்கம்தான். தோட்டக்காரர் உரம் வைத்துப் பார்த்தார், மருந்து அடித்துப் பார்த்தார். கடைசியில், இரவில் அந்துப்பூச்சி வந்து முட்டையிட்டுப் புழு மொட்டைத் தின்றுவிடுகிறது என்று அவருக்குத் தோன்றியது. அதற்கு விளக்குப் பொறி வைக்க வேண்டும் என்று மருந்துக் கடையில் சொல்லியிருந்தார்கள். விளக்கை எரியவிட்டு, அதற்குக் கீழே அகலமான பாத்திரத்தில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரை வைத்தால் பூச்சி வந்து விழுந்து சாகும். தனியாக விளக்கு எதற்கு, பக்கத்தில்தான் நான்கு எரிகின்றனவே என்று நினைத்து அவர் அப்பாவிடம் வந்தார். இரண்டு விளக்கைத் தோட்டத்துப் பக்கம் கொஞ்சம் சாய்த்துவைக்க முடியுமா என்று கேட்டார்.

அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவருடைய விளக்கு வேண்டும் என்று கேட்ட முதல் மனிதர் தோட்டக்காரர்தான். அன்றைக்கே மாடியேறி, இரண்டு விளக்குகளையும் நன்றாகத் தோட்டத்துக்கு நேராகத் திருப்பிவைத்தார். தோட்டக்காரர் வரப்பில் வரிசையாக அலுமினியச் சட்டிகளை வைத்தார். பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வந்து விழுந்தன. காலையில் இரண்டு பேரும் சட்டிகளை எட்டிப் பார்த்து, எம்புட்டு விழுந்திருக்கு பாருங்க என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். செடிகள் இன்னும் ஒரு சாண் வளர்ந்தன. மொட்டு வரவில்லை.

தீபாவளி முடிந்த ஒரு சாயங்காலம், அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு, தோட்டக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். இந்தப் பக்கம் மாமாவும் நானும் இருந்தோம். கார்த்திகை பிறக்கிறவரை பார்ப்பேன், அப்புறம் டிராக்டரை விட்டு உழுதுவிடுவேன் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மாமா எங்கள் மாடியை ஒருமுறை பார்த்தார். பிறகு முகத்தை ரொம்பக் கவலையாக வைத்துக்கொண்டார்.

"அண்ணே, மனுசனுக்கு மாதிரித்தான செடிக்கும். ராத்திரில இருட்டு இருந்தாத்தான் அது தூங்கும். தூங்குனாத்தான் பூ வைக்கும். இம்புட்டு வெளிச்சத்துல அதுக்குப் பகல் எது, ராத்திரி எதுன்னு எப்பிடித் தெரியும்?"

தோட்டக்காரர் விளக்கைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எல்லாம் வாய்க்கு வந்தபடி அடித்துவிட்டது என்றும், நான் கேட்டால் உங்கப்பா அணைக்க மாட்டார், அவர் வந்து சண்டை போட்டால் அணைப்பார் என்றும் விளக்கினார். யாரிடமும் சொல்லிவிடாதே என்றார். பெரியவர்களின் பொய்யில் எனக்குப் பங்கு கிடைத்தது அதுதான் முதல் தடவை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து அத்தை காலையிலேயே எங்கள் கேட்டைத் தட்டினாள். அம்மாவின் கையைப் பிடித்து, "ஏத்தா, வந்து இந்தக் கூத்தப் பாரு," என்று கூட்டிப்போனாள். நானும் மாமாவும் பின்னால் போனோம். கரும்பச்சைச் செடிகளுக்கு நடுவே, எங்கள் சுவரிலிருந்து தொடங்கிப் போகப் போக அகலமாகிக்கொண்டே, ஒரு பட்டை மட்டும் குட்டையாக இருந்தது. அந்தச் செடிகளில் எல்லாம் மிளகு மிளகாக மொட்டு. மேலே பார்த்தோம். எங்கள் மாடி மூலையில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி நின்றது. அதற்குப் பின்னால் ஒரு விளக்கு; மற்ற விளக்கின் வெளிச்சம் இந்தப் பட்டைக்கு எட்டாது.

"தொட்டி நெழலு விழுற எடம் மதினி," என்றார் மாமா அத்தையிடம், மெதுவாக.

பகலில் அங்கே நிழலே இல்லை. இரவில் அந்த விளக்கு எரியும்போது மட்டும் விழுகிற நிழல் அது. தொட்டி எந்த அளவுக்கு மறைத்ததோ அந்த அளவுக்கு, அளவெடுத்துத் தைத்த மாதிரி, செடிகள் மொட்டு வைத்திருந்தன. தோட்டக்காரர் வரப்பில் குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மாமாவின் முகத்தைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. தான் சொன்ன பொய் ஊரைச் சுற்றிவிட்டு வந்து எதிரே நின்றால் ஒருவர் எப்படி விழிப்பாரோ அப்படி விழித்தார். நானோ வேறு மாதிரி புரிந்துகொண்டேன். மாமா அந்தப் பொய்யை அவ்வளவு உருக்கமாகச் சொன்னதால், சுவரோரம் நின்ற செடிகளின் காதில் விழுந்து, அவையும் நம்பிவிட்டன. மற்றச் செடிகளுக்குக் கேட்டிருக்காது.

அன்று மத்தியானம் முழுக்க மாமா போனில் ஏதேதோ படித்தார். சாயங்காலம் கீழே இறங்கியபோது அவர் விஞ்ஞானியாகியிருந்தார். செவ்வந்திக்கு நீண்ட இரவு வேண்டும், அதுவும் இடையில் முறியாத இரவு. நடு இரவில் செத்த நேரம் விளக்கு எரிந்தால்கூடச் செடி குழம்பிவிடும் என்று எல்லாருக்கும் பாடம் நடத்தினார். இதெல்லாம் தனக்கு முன்பே தெரியும் என்பதுபோல் இருந்தது அந்தப் பேச்சு. நாளாக ஆக அவரும் அப்படியே நம்பத் தொடங்கிவிட்டார். இப்போது ஓசூரில் அவர் வீட்டுக்குப் போனால், தான் ஒரு தோட்டத்தைக் காப்பாற்றிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். கண்ணடித்ததை மட்டும் விட்டுவிடுவார்.

அப்பாவிடம் பேச்சு எளிதாக முடியவில்லை. நேற்றுவரை திருப்பிவை என்றவர் இன்றைக்கு அணை என்கிறார் என்று அவருக்கு வருத்தம். என் வீடு, என் கரண்டு என்றார். தோட்டக்காரர் குரலை உயர்த்தவில்லை. மொட்டு வைத்த ஒரு கொப்பையும் வைக்காத ஒரு கொப்பையும் ஒடித்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்திருந்தார். அப்பா அவை இரண்டையும் பார்க்காமல் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பெண்ணும் பிள்ளையும் தனியாகக் கிடக்கிற வீடு அண்ணே, நான் ரோட்டில் கிடக்கிறவன், என்று சொன்னார். தோட்டக்காரர் கொப்புகள் இரண்டையும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

பதில் மாமாவிடம் இருந்தது. "நான்தான் இருக்கேன்ல மச்சான். ஆம்பள ஒருத்தன் வீட்டுல இருக்கையில எதுக்கு லைட்டு?"

அப்பா யோசித்தார். பூ முடிகிறவரை விளக்கைப் போடுவதில்லை என்று ஒத்துக்கொண்டார். தோட்டக்காரர் எழுந்து அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அம்மா எல்லாருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. குடித்து வைத்த டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று இருட்டியதும் மாமா என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கண் பழகட்டும் என்றார். பழகப் பழக ஒவ்வொன்றாக வந்தன. பிறகு ஒவ்வொன்றாக என்று சொல்ல முடியாதபடி வந்தன. மேற்கே திண்டுக்கல் இருக்கும் பக்கம் மட்டும் வானம் கழுவாத பாத்திரம்போல் பழுப்பாக இருந்தது; மற்ற இடமெல்லாம் நட்சத்திரம். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இத்தனையும் இவ்வளவு நாளும் என் தலைக்கு மேலேயே இருந்திருக்கின்றன, யாரும் என்னிடம் சொல்லவில்லை. கீழேயிருந்து அம்மா, கேட்டைப் பூட்டியாச்சா என்று கேட்டாள். மாமா பூட்டியாயிற்று என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். சாப்பிடக் கூப்பிடும்போது இன்னொரு தடவை கேட்டாள்.

மாமாவின் ஆண்ட்ரோமீடா அன்றைக்கு நிலா வெளிச்சத்தில் அகப்படவில்லை. நிலா தேய்ந்து தாமதமாக வரத் தொடங்கிய பிறகு, சில நாள் கழித்துத்தான் கிடைத்தது. மாமா சத்தம் போடவில்லை. என் தோளைப் பிடித்து அழுத்தினார். நான் எவ்வளவு பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. நேராகப் பார்க்காதே, நேராகப் பார்த்தால் ஓடிவிடும், கொஞ்சம் தள்ளி வேறெதையோ பார்க்கிற மாதிரி பார், அப்போது ஓரக்கண்ணில் வந்து நிற்கும் என்றார். அப்படிப் பார்த்தேன். மாவு ஒட்டிய விரலால் யாரோ தொட்டுவிட்டதுபோல் ஒரு மங்கல். இதற்காகவா இத்தனை பாடு என்றிருந்தது. ஆனாலும் எங்கள் பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது என்பதால் பத்திரப்படுத்திக்கொண்டேன்.

கார்த்திகை பிறந்த வாரத்தில் மாமாவுக்கு ஓசூரிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். அம்மா தம்பிக்குப் பிடித்த வெஞ்சனமாகப் பார்த்துப் பார்த்துச் செய்து போட்டாள். அவர் ஒரு பையை எடுத்துக்கொண்டு, பைனாகுலரை என் கழுத்தில் மாட்டிவிட்டுப் பஸ் ஏறினார். துணைக்கு வந்தவர் போய்விட்டார் என்பது யாருக்கும் நினைவில்லை, இருந்தால் அது ஒருத்திக்குத்தான். தோட்டத்தில் எங்கள் பக்கத்துச் செடிகள் அப்போதுதான் மொட்டுக் கட்ட ஆரம்பித்திருந்தன.

வீட்டில் துணைக்கு ஆள் இல்லை என்பது அப்பாவுக்கு நினைவு வந்தது ஒட்டன்சத்திரத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது. போன் செய்தார். நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். அம்மா போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருந்தா லைட்டப் போட்டுக்க. செத்த நேரம் போட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

அம்மா ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "செடிக்குத் தெரியும்ல," என்றாள்.

செவ்வந்தி பூத்தது. மார்கழியில் எங்கள் சுவரோரம் நின்றால் அந்தப் பக்கம் பச்சையே தெரியாது, அவ்வளவு மஞ்சள். கிணற்றுப் பக்கம் பூத்துக் கொஞ்ச நாள் தள்ளி எங்கள் பக்கம் பூத்தது. பொங்கலுக்கு நெருக்கமாக வந்ததால் அதற்குத்தான் நல்ல விலை கிடைத்தது என்று தோட்டக்காரர் சொல்லிச் சிரித்தார். அத்தை ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். அப்பா தன் லோடு வண்டிக்குப் பெரிய மாலையாகக் கட்டிப் போட்டுக்கொண்டு திருச்சிவரை போய்வந்தார். தை முடிவில் விளக்குகள் மறுபடி எரிந்தன. அவர்கள் திருப்பூர் போகவில்லை. சில வருடம் கழித்துக் கிணறு திரும்பவும் வற்றியபோது தோட்டம் மனையாகத்தான் போயிற்று. இப்போது எங்கள் நகர் நிஜமாகவே நகர். ஒவ்வொரு கேட்டுக்கும் இரண்டு விளக்கு, தெருவுக்கு வரிசையாக விளக்கு. எங்கள் போக்கஸ் லைட்டுகளில் மூன்று கெட்டுவிட்டன. நான்காவதைப் போட்டாலும் எரிகிறதா என்று மேலே போய்ப் பார்த்தால்தான் தெரியும். அம்மா சாப்பிட்ட கையோடு படுத்துத் தூங்கிவிடுகிறாள்.

நான் சொல்ல நினைத்தது மாமா போன பிறகு வந்த அந்தக் கார்த்திகை, மார்கழி இரவுகளைப் பற்றித்தான். அப்பா வண்டிக்குப் போகிற நாட்களில், சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும், அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கு வந்துவிடுவாள். படி முடிகிற இடத்தில் பாயை விரிப்பாள். மடியில் டார்ச் இருக்கும், ஆனால் அதை எரிய விட மாட்டாள். செடிக்கு ஆகாதே என்று நான் மெச்சிக்கொள்வேன். பாயின் ஓரத்தில் அருவாள் இருக்கும். எதற்கு என்று கேட்டேன். தேங்காய் உரிக்க என்றாள். மாடியில் தேங்காய் எதுவும் இருக்கவில்லை. தேங்காயைக் கீழே மறந்துவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா இருந்த வரைக்கும் நட்சத்திரம் பார்க்க ஒரு நாள்கூட மேலே வராதவள், அவர் போனதும் இப்படி அடிக்கடி வருகிறாளே என்று எனக்குச் சந்தோஷம். மாமாவைப் பிடித்த பைத்தியம் அம்மாவையும் பிடித்துக்கொண்டது, இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே. அம்மாவோடு அப்படி உட்கார்ந்திருந்த இரவுகள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன. அவள் மாமாவைப்போல் விளக்கிக்கொண்டிருக்க மாட்டாள். பேசவே மாட்டாள். நாய் குரைத்தால் மட்டும் என் வாயில் மெல்லக் கைவைப்பாள்.

ஒருநாள் அவளுக்கு ஆண்ட்ரோமீடாவைக் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வடக்கே, நல்ல உயரத்தில், இடம் எனக்கு மனப்பாடம். அங்கே பாருங்கம்மா என்று கை நீட்டினேன். நேராகப் பார்த்தால் தெரியாது, தள்ளிப் பார்க்க வேண்டும் என்று மாமா சொல்லிக்கொடுத்ததைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் கவனித்தேன். அம்மா ஏற்கெனவே தள்ளித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் அதிகமாகவே தள்ளி, கீழே, கேட்டையும் அதற்கு அப்பால் இருட்டில் கிடந்த பாதையையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுதாம்மா?"

"தெரியுது, நீ தூங்கு," என்றாள்.

மாமாவுக்கே பல நாள் பிடித்த வித்தை அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரே பார்வையில் கைவந்துவிட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் மடியில் தலைவைத்துப் படுத்தேன். விடிந்து கண் விழித்தபோது என்மேல் போர்வை இருந்தது. அம்மா அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நட்சத்திரம் பார்க்கும் ஆசையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்திருக்கிறாள், மாமாவுக்கு போன் செய்து இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நான் பல் தேய்க்கக் கீழே ஓடினேன்.